மாறுகண் சிகிச்சைக்குத் திருமண வயது வரை காத்திருக்கலாகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் இணைப்பில், குழந்தைகளின் மாறுகண் பற்றி வெளிவந்த கேள்வி பதிலைப் படித்தேன். தன் நான்கு வயது மகளின் இடது கண் மூக்குப் பக்கமாகத் திரும்பியிருக்கிறது என்று ஒரு தாய் எழுதியிருந்தார். வளர வளரச் சரியாகிவிடும் என்றும், சரியாகாவிட்டால் திருமண வயதுக்கு முன்பாக ஒரு சிறிய அறுவை சிகிச்சை செய்துகொண்டால் போதும் என்றும் அவருக்குப் பதில் தரப்பட்டிருந்தது. பதில் எழுதியவர் அந்தத் தாயின் கவலையைத் தணிக்கவே விரும்பியிருப்பார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதை நம்பி அவர் காத்திருந்தால், அந்தக் குழந்தையின் இடது கண் பார்வை திரும்பப் பெற முடியாத அளவுக்குக் குறைந்துவிடக்கூடும் என்பதால்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் மருத்துவர் அல்லள். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவள். மாறுகண்ணுக்காக நான்கு ஆண்டுகளாகச் சிகிச்சை பெற்றுவரும் ஒரு சிறுமியின் பாட்டி. இங்கே நான் கூறும் மருத்துவச் செய்திகள் பேத்தியுடன் கண் மருத்துவமனைக்குப் போய்வந்த நாட்களில் மருத்துவர்களிடம் கேட்டும், பிறகு படித்தும் தெரிந்துகொண்டவை.

மாறுகண்ணை நாம் முகத்தில் தெரியும் ஒரு குறையாகவே பார்த்துப் பழகிவிட்டோம். உண்மையில் பெரிய சேதம் நிகழ்வது மூளையில். இரண்டு கண்களும் ஒரே பொருளை நோக்கும்போது, அவை அனுப்பும் இரு பிம்பங்களையும் மூளை ஒன்றாக்கிக்கொள்கிறது. ஒரு கண் விலகி நின்றால் பிம்பங்கள் பொருந்தாமல் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிய வேண்டும். வயது வந்தவர்களுக்குத் திடீரென்று மாறுகண் ஏற்பட்டால் அப்படித்தான் தெரிகிறது. வளரும் குழந்தையின் மூளையோ, அந்தக் குழப்பத்திலிருந்து தப்பிக்க, விலகிய கண் அனுப்புவதைக் கண்டுகொள்ளாமல் விடப் பழகிக்கொள்கிறது. மாதங்கள் செல்லச் செல்ல அந்தக் கண்ணுக்கும் மூளைக்கும் இடையே வளர வேண்டிய தொடர்பு வளராமலே நின்றுவிடுகிறது. கண்ணுக்குள் எந்த நோயும் இருக்காது. ஆனாலும் பார்வை சரியாக இருக்காது. இதைத்தான் மருத்துவர்கள் சோம்பேறிக் கண் என்கிறார்கள். கண்ணின் மேல் பழி போடும் அந்தப் பெயர் எனக்கு உடன்பாடில்லை என்றாலும், அனைவருக்கும் தெரிந்த பெயர் என்பதால் அதையே பயன்படுத்துகிறேன்.

டேவிட் ஹ்யூபல், டோர்ஸ்டன் வீசல் என்னும் இரு அறிஞர்கள், பிறந்து சில வாரங்களேயான பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை மூடி வைத்து, சில மாதங்களுக்குப் பிறகு திறந்து பார்த்தார்கள். கண் நலமாகவே இருந்தது; ஆனால் மூளையில் அந்தக் கண்ணுக்கு ஏறக்குறைய இடமே இல்லாமல் போயிருந்தது. வளர்ந்த பூனையின் கண்ணை அவ்வாறே மூடி வைத்தபோது அத்தகைய பாதிப்பு ஏற்படவில்லை. பார்வை வளர்வதற்கென்று ஒரு பருவம் உண்டு என்பதைக் காட்டிய இந்த ஆய்வுகளுக்காக அவ்விருவரும் 1981-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். குழந்தைகளின் மாறுகண் சிகிச்சையில் மருத்துவர்கள் இவ்வளவு அவசரம் காட்டுவதற்கு இதுவே அடிப்படை. மனிதக் குழந்தைக்கு அந்தப் பருவம் பிறப்பிலிருந்து ஏழு, எட்டு வயது வரை நீள்கிறது. முதல் சில ஆண்டுகளே அதில் மிக முக்கியமானவை.

இதில் என்னை மிகவும் வருத்துவது, சேதம் நிகழும்போது யாருக்கும் தெரிவதில்லை என்பதுதான். ஒரு கண் நன்றாக இருந்தால் குழந்தை ஓடும், படிக்கும், படம் வரையும். தனக்கு ஒரு கண்ணில் பார்வை குறைவு என்று அதற்கே தெரியாது. மற்றவர்களுக்கும் அப்படித்தான் தெரிகிறது என்று அது நினைத்துக்கொண்டிருக்கும். என் வகுப்பில் பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவன் இருந்தான். வலது கண் வெளிப்புறமாக விலகியிருந்தாலும் நன்றாகப் படிப்பான். நான் செய்ததெல்லாம் அவனை முதல் வரிசையில் உட்கார வைத்ததும், பிற பிள்ளைகள் ஒன்றரைக் கண்ணன் என்று அழைத்தபோது கண்டித்ததும் மட்டுமே. ஐந்தாம் வகுப்பில் கிட்டிப்புள் தெறித்து அவனுடைய இடது கண்ணில் பட்டது. அந்தக் கண்ணுக்குக் கட்டுப் போட்ட பிறகுதான், வலது கண்ணால் அவனால் தாயின் முகத்தைக்கூடச் சரியாக அடையாளம் காண முடியவில்லை என்பது எங்களுக்குத் தெரிந்தது. நான் அன்றாடம் பார்த்துக்கொண்டிருந்த கண் அது. ஒரு நாளாவது இடது கண்ணை மூடிக்கொண்டு கரும்பலகையைப் படிக்கச் சொல்ல எனக்குத் தோன்றவில்லையே என்ற எண்ணம் இன்றும் என்னை விட்டு அகலவில்லை.

அப்படியொரு அனுபவம் இருந்தும் சொந்த வீட்டில் நாங்கள் தவறினோம். பேத்திக்கு இரண்டரை வயதிருக்கும்போது, படப்புத்தகத்தையோ தட்டில் உள்ள சோற்றையோ உற்றுப் பார்க்கையில் மட்டும் வலது கண் உள்ளே திரும்புவதைக் கவனித்தோம். எப்போதும் இல்லையே என்று ஆறுதல் கொண்டோம். மாறுகண் இருந்தால் அதிர்ஷ்டம் என்று உறவினர்கள் சொன்னதைக் கேட்டு மகிழவும் செய்தோம். அவளை மருத்துவரிடம் அழைத்துச் சென்றபோது அவளுக்கு ஐந்தரை வயது. வலது கண்ணை மூடியபோது எழுத்து அட்டையின் கடைசி வரி வரை படித்தாள். இடது கண்ணை மூடியபோது உச்சியில் இருந்த ஒற்றைப் பெரிய எழுத்துக்கு மேல் படிக்க முடியவில்லை.

பரிசோதனையில் அச்சப்பட எதுவும் இல்லை என்பதைப் பெற்றோர் அறிய வேண்டும். மருத்துவர் குழந்தையின் முகத்துக்கு நேரே ஒரு சிறு விளக்கைப் பிடித்து, இரு கருவிழிகளிலும் ஒளிப்புள்ளி ஒரே இடத்தில் விழுகிறதா என்று பார்க்கிறார். பின்பு ஒரு கண்ணை மறைத்து, மற்றொரு கண் பொருளை நோக்கி நகர்கிறதா என்று பார்க்கிறார். சில குழந்தைகளுக்கு மூக்கின் அடிப்பகுதி அகன்றிருப்பதால் கண் திரும்பியிருப்பது போல் தோன்றுமே தவிர, உண்மையில் மாறுகண் இருக்காது. ஒளிப்புள்ளி நடுவில் விழுவதைக் கொண்டே அது தெரிந்துவிடும். வளர வளரச் சரியாகிவிட்டது என்று ஊரில் சொல்லப்படும் மாறுகண்களில் பல இவ்வகைப் பொய்த் தோற்றங்களாகவே இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். பிறந்து மூன்று, நான்கு மாதங்கள் வரை கண்கள் அவ்வப்போது விலகுவது இயல்பு. அதற்குப் பிறகும் விலகினாலோ, அதற்கு முன்பே ஒரு கண் நிலையாகத் திரும்பியே இருந்தாலோ கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கண்மணிக்குள் வெள்ளையாக ஏதேனும் தென்பட்டால், குறிப்பாக ஒளிப்படத்தில் ஒரு கண் மட்டும் வெண்மையாக மின்னினால், ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. சிறு குழந்தைகளின் விழித்திரையில் தோன்றும் புற்றுநோய் சில நேரங்களில் மாறுகண்ணாகவே முதலில் வெளிப்படுகிறது; அரிதானது என்றாலும் உயிரைப் பறிக்கக்கூடியது.

பேத்தியின் கண்ணில் மூன்று நாள் அட்ரோபின் களிம்பு இட்டு, கண்மணியை விரியச் செய்து, ப்ளஸ் ஐந்து பவர் இருப்பதாகக் கண்டறிந்தார்கள். அந்தப் பவர்தான் மாறுகண்ணுக்கே காரணம் என்றபோது எங்களுக்குப் புரியவில்லை. ப்ளஸ் பவர் உள்ள குழந்தை எதையும் தெளிவாகப் பார்க்கக் கண்ணுக்குள் உள்ள தசையை இறுக்கிக் குவிக்க வேண்டியிருக்கிறது. நாம் அருகில் உள்ளதைக் குவித்துப் பார்க்கும்போதெல்லாம் இரு கண்களும் உள்நோக்கித் திரும்புவது இயற்கை. இவ்விரண்டு செயல்களும் ஒன்றோடொன்று பிணைந்தவை. அளவுக்கு மீறிக் குவிக்கும் குழந்தைக்குக் கண்ணும் அளவுக்கு மீறி உள்ளே திரும்புகிறது. கண்ணாடி அந்தக் குவிக்கும் வேலையைத் தானே ஏற்றுக்கொள்வதால் கண் நேராகிவிடுகிறது. கண்ணாடியைக் கழற்றினால் மீண்டும் திரும்பும். இதைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியால் பயனில்லை என்றோ, கண்ணாடி போட்டதால்தான் கண் கெட்டது என்றோ பெற்றோர் நிறுத்திவிடுகிறார்கள். கண்ணாடியைக் கழற்றும்போது கண் திரும்புவது, கண்ணாடி வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம் என்று மருத்துவமனையில் எங்களுக்கு ஒரு முறைக்கு மூன்று முறை விளக்கினார்கள். குளியலும் உறக்கமும் தவிர மற்ற நேரமெல்லாம் அணிய வேண்டும் என்பதையும் வலியுறுத்தினார்கள்.

கண் நேரானாலும் பார்வை தானாக வந்துவிடவில்லை. அதற்கு, நன்றாகத் தெரியும் கண்ணை ஒட்டுப் போட்டு மறைத்து, சோர்ந்த கண்ணுக்கு வேலை தர வேண்டும். நாங்கள் பட்ட பாடெல்லாம் இதில்தான். நல்ல கண்ணை மூடியதும் உலகமே மங்கிப்போகும் குழந்தை ஒட்டைப் பிய்த்து எறியத்தானே செய்யும்? முதல் மாதம் முழுவதும் அழுகை. பள்ளியில் பிள்ளைகள் கேலி செய்தார்கள். வகுப்புப் படம் எடுக்கும் நாளில், பார்க்க நன்றாக இல்லை என்று ஆசிரியை ஒருவரே ஒட்டைக் கழற்றச் சொன்னார். பள்ளி நேரத்தை விட்டுவிட்டு, மாலையில் நான் அருகில் அமர்ந்து பூக்கட்டவும் மணி கோக்கவும் கொடுத்து, இரண்டு மணி நேரம் ஒட்டுடன் இருக்கச் செய்தோம். மிதமான பாதிப்புள்ள குழந்தைகளுக்கு நாள்தோறும் இரண்டு மணி நேரம் ஒட்டுவது ஆறு மணி நேரம் ஒட்டுவதற்கு நிகரான பயன் தருவதாக 2003-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வு கூறுகிறது. கடுமையான பாதிப்புக்குக் கூடுதல் நேரம் தேவைப்படலாம் என்பதால், பேத்திக்குப் பிறகு ஆறு மணி நேரமாக உயர்த்தினார்கள். ஒட்டுக்கு உடன்படாத குழந்தைக்கு, நல்ல கண்ணில் அட்ரோபின் சொட்டு விட்டு அதன் பார்வையைத் தற்காலிகமாக மங்கச் செய்யும் முறையும் உண்டு. மிதமான பாதிப்புக்கு அதுவும் ஒட்டுக்கு ஏறத்தாழ நிகரான பயன் தருவதாக 2002-இலேயே கண்டறிந்திருக்கிறார்கள். எதுவானாலும் மருத்துவர் சொல்லும் அளவில் மட்டுமே செய்ய வேண்டும். அளவு மீறினால் நல்ல கண்ணே பாதிக்கப்படலாம். இன்று பேத்தி அட்டையின் கடைசி வரிக்கு முந்தைய வரிகள் வரை வலது கண்ணால் படிக்கிறாள். மூன்று வயதிலேயே தொடங்கியிருந்தால் இந்த நான்கு ஆண்டுகள் சில மாதங்களில் முடிந்திருக்கக்கூடும்.

எல்லா மாறுகண்ணும் கண்ணாடியால் நேராவதில்லை. பிறந்த ஆறு மாதங்களுக்குள் தொடங்கும் மாறுகண்ணுக்கும், கண்ணாடி போட்ட பிறகும் விலகியே நிற்கும் கண்ணுக்கும் பெரும்பாலும் அறுவை சிகிச்சை தேவைப்படுகிறது. கண்ணை வெளியே எடுத்து வைத்துச் செய்வார்கள் என்று நம் ஊர்களில் நிலவும் அச்சம் அறவே ஆதாரமற்றது. ஒவ்வொரு கண்ணையும் அசைக்கும் ஆறு தசைகளில் தேவையானவற்றை மட்டும், வெண்விழியின் மேற்பரப்பில் இடம் மாற்றியோ சுருக்கியோ தைக்கிறார்கள். பெர்லினில் டீஃபன்பாக் என்னும் அறுவை மருத்துவர் 1839-இல் செய்த காலத்திலிருந்து வளர்ந்து வந்திருக்கும் சிகிச்சை இது. சிலருக்கு இரண்டாம் முறையும் தேவைப்படலாம். ஆனால் தங்கள் இதழின் பதிலில் விடுபட்ட செய்தி ஒன்று உண்டு: அறுவை சிகிச்சை கண்ணை நேராக்குமே தவிர, சோம்பேறிக் கண்ணுக்குப் பார்வையைத் தராது. இருபது வயதில் அந்தப் பெண்ணின் கண் முகம் பார்க்கும் கண்ணாடியில் நேராகத் தெரியலாம். அந்தக் கண்ணால் அவள் எதையும் படிக்க முடியாமல் போகலாம். பெண் குழந்தையின் கண்ணைப் பற்றிக் கேட்டால் திருமணப் பேச்சு முன்னே வந்து நிற்பது எனக்கு ஆற்ற முடியாத வேதனையைத் தருகிறது. அவள் படிக்க வேண்டும், ஊசியில் நூல் கோக்க வேண்டும், வண்டி ஓட்ட வேண்டும், படியில் தடுமாறாமல் இறங்க வேண்டும். இவற்றுக்கு இரு கண்ணும் வேண்டும்.

ஏழு வயதைக் கடந்த பிள்ளைகளின் பெற்றோர் இதைப் படித்து மனம் தளர வேண்டாம். ஏழு முதல் பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளைகளில் கண்ணாடியோடு ஒட்டும் சொட்டு மருந்தும் பெற்றவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டோருக்குப் பார்வை முன்னேறியதாக 2005-இல் வெளிவந்த ஆய்வு காட்டுகிறது. தாமதம் என்பதற்காக முயற்சியைக் கைவிடக் கூடாது.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். 2013 முதல் நடைமுறையில் உள்ள குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறை வந்து குழந்தைகளைப் பரிசோதிக்கிறார்கள். மூன்று வயது நிறைந்த ஒவ்வொரு குழந்தைக்கும் அப்போது ஒரு கண்ணை மறைத்து மறு கண்ணைத் தனித்தனியே சோதிப்பது கட்டாயமாக்கப்பட வேண்டும். எழுத்து அறியாத குழந்தைக்குப் பட அட்டை போதும். இரு கண்களையும் திறந்து வைத்துப் படிக்கச் சொல்லும் சோதனையில் சோம்பேறிக் கண் ஒருபோதும் வெளிப்படாது. அங்கன்வாடிப் பணியாளர்களுக்கு அரை நாள் பயிற்சி தந்தால், ஒரு கண்ணை மறைத்தால் மட்டும் சிணுங்கும் குழந்தையையும், வெயிலில் ஒரு கண்ணை மூடிக்கொள்ளும் குழந்தையையும், தலையைச் சாய்த்தே பார்க்கும் குழந்தையையும் அவர்களே இனங்கண்டுவிடுவார்கள். உலகின் பழமையான கண் மருத்துவமனைகளுள் ஒன்றான எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819-இல் தொடங்கப்பட்ட மாநிலம் நம்முடையது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் கண் பிரிவுகள் இருக்கின்றன. அங்கே குழந்தை உரிய வயதில் போய்ச் சேர்வதுதான் குறையாக இருக்கிறது.

தங்களிடம் நான் கேட்பது ஒன்றே. அந்தப் பதிலுக்கு ஒரு திருத்தத்தை, குழந்தைகள் கண் மருத்துவர் ஒருவரிடம் எழுதி வாங்கி, அதே ஞாயிறு இணைப்பில், அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வெளியிட வேண்டுகிறேன். கேள்வி எழுதிய தாயின் முகவரி தங்கள் அலுவலகத்தில் இருக்குமானால், இதழ் வெளிவரும் வரை பொறுத்திராமல் அவருக்கு நேரடியாகவும் தெரிவித்துவிடுங்கள். அவருடைய மகளுக்கு நான்கு வயதுதான் ஆகிறது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியை,
திண்டுக்கல் மாவட்டம்.