முதலெழுத்துதான் பேசும் என்ற விதி வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எழுத்தை ஒலியோடு சேர்த்துப் படிக்கக் கற்பிக்கும் ஃபோனிக்ஸ் முறை பற்றி உங்கள் கல்விப் பக்கத்தில் வந்த கட்டுரையில், ‘ஆங்கிலத்தில் இரண்டு உயிரெழுத்துகள் சேர்ந்து நடந்தால் முதலாவதுதான் பேசும்’ (முதல் எழுத்தின் பெயரே ஒலிக்கும், அடுத்தது ஒலிக்காது) என்ற விதியைக் கட்டம் கட்டிப் போட்டிருந்தீர்கள். பள்ளிச் சுவர்களிலும் பயிற்சி ஏடுகளிலும் இதே வாசகம்தான். பாட்டுபோல இருப்பதால் பிள்ளைகளுக்குச் சட்டென்று ஒட்டிக்கொள்கிறது, பிறகு கழற்றுவதுதான் பாடு. அமெரிக்கக் கல்வியாளர் தியோடர் கிளைமர் 1963-லேயே தொடக்க வகுப்புப் பாடநூல் சொற்களில் இதைச் சோதித்துவிட்டார். விதி நின்றது 45 விழுக்காட்டுச் சொற்களில்தான்.

உயிரெழுத்து இணைக்கு இணை நிலைமை வேறு. (இக்கடிதத்தில் ஓ-ஏ, ஈ-ஏ என்று சிறுகோடிட்டு வருபவை ஆங்கில எழுத்துகளின் பெயர்கள், மேற்கோள் குறிக்குள் இருப்பவை ஒலிகளும் சொற்களும்.) கிளைமர் கணக்கில் இரட்டை ஈ 98, ஓ-ஏ 97 விழுக்காடு ஒழுங்காக நடந்துகொள்கின்றன: ‘ட்ரீ’, ‘க்ரீன்’, ‘போட்’, ‘ரோட்’. ஈ-ஏ 66-க்கு இறங்கிவிடுகிறது. ‘அவுட்’, ‘காயின்’, ‘ஆகஸ்ட்’ போன்றவற்றில் விதிக்கு வேலையே இல்லை. அங்கே இரண்டு எழுத்தும் சேர்ந்து மூன்றாவதாக ஓர் ஒலியைத் தருகின்றன. எனவே ஒவ்வோர் இணையையும் தனி எழுத்துபோலவே அறிமுகப்படுத்த வேண்டும். இரண்டு எழுத்தையும் ஒரே அட்டையில் எழுதுங்கள். தனித்தனி அட்டைகளை ஒட்டவைத்தால் பிள்ளை அவற்றைப் பிரித்துத்தான் படிக்கும்.

முதலில் காது, பிறகு கண். ‘ரெய்ன்’ என்று சொல்லி எத்தனை ஒலி என்று விரல் விடச் சொல்லுங்கள். எழுத்து 4, ஒலி 3. சிலேட்டில் 3 கட்டம் போட்டு, ஏ-ஐ இரண்டையும் நடுக்கட்டத்துக்குள் எழுத வைத்தால் ‘ர-அ-இ-ன்’ என்று தடுமாறுவது பெரும்பாலும் நின்றுவிடும். அதன்பின் அதே இணையில் ஐந்தாறு சொல், சொல்வதெழுதுதலாக ஒரு வாக்கியம். அன்றைக்கு அது போதும்.

ஏ-ஐ இணையில் நம் பிள்ளைகளுக்கென்றே ஒரு வழுக்கல் உண்டு. மதுரை, சென்னை என்று ஆங்கிலத்தில் எழுதிய ஊர்ப் பலகைகளில் பார்த்த பழக்கத்தில் அதை ‘ஐ’ என்றே படிப்பார்கள். ‘மெயில்’ ‘மைல்’ ஆகிவிடும். பிள்ளை தெரிந்ததை வைத்துத்தான் படிக்கிறது. ஊர்ப்பெயரில் ஒன்று, ஆங்கிலச் சொல்லில் வேறு என்று முதல் நாளே இரண்டையும் பக்கத்தில் எழுதிக் காட்டிவிட வேண்டும். சொல்லின் நடுவில் ஏ-ஐ, கடைசியில் ஏ-ஒய் (‘டே’, ‘ப்ளே’) என்பதற்குக் காரணமும் சொல்லலாம்: ஆங்கிலத்தின் சொந்தச் சொற்கள் பொதுவாக ஐ எழுத்தில் முடிவதில்லை. ‘செட்’ (சொன்னார்), ‘அகென்’ (மீண்டும்) ஆகியவற்றை இந்தப் பாடத்தில் கலக்காமல், பார்த்ததும் முழுதாக அடையாளம் காணும் பார்வைச் சொற்களாக ஒதுக்கிவையுங்கள்.

இரட்டை ஓ நமக்குக் கொஞ்சம் சாதகம். குறில் நெடில் தெரிந்த பிள்ளைக்கு ‘புக்’, ‘மூன்’ வேறுபாடு புதிதல்ல. கே எழுத்துக்கு முன் பெரும்பாலும் குறில்: ‘புக்’, ‘லுக்’, ‘குக்’. குன்னூர் ரயில் நிலையப் பலகையில் இரட்டை ஓ இரண்டு முறை வரும். முன்னது குறில், பின்னது நெடில். இதைவிட நல்ல பாடப்படம் கிடைக்காது. ‘ப்ளட்’, ‘ஃப்ளட்’ இரண்டும் பிறகு வரட்டும்.

ஈ-ஏ கடைசி. ‘ஸீ’, ‘டீச்’ போன்ற ‘ஈ’ ஒலிச் சொற்கள் ஊறிய பிறகு ‘ஹெட்’, ‘ப்ரெட்’, அதற்கும் பிறகு ‘க்ரேட்’, ‘ப்ரேக்’. மூன்றையும் ஒரே நாளில் கொடுத்தால் பிள்ளை படிப்பதை விட்டு ஊகிக்கத் தொடங்கும். இங்கிலாந்து அரசு 2007-ல் வெளியிட்ட ‘லெட்டர்ஸ் அண்ட் சவுண்ட்ஸ்’ திட்டத்திலும் ஏ-ஐ, இரட்டை ஈ, ஓ-ஏ, இரட்டை ஓ எல்லாம் முந்தைய கட்டம். ஏ-ஒய், ஈ-ஏ பிந்தைய கட்டம். நீங்கள் அச்சிட்ட அட்டவணையோ அத்தனை இணைகளையும் ஒரே பக்கத்தில் அடைத்துவிட்டது.

சொல்லுக்கு மேல் தமிழில் உச்சரிப்பு எழுதும் பழக்கத்தையும் கட்டுரை பரிந்துரைக்கிறது. உயிரொலிக்கு அது உதவும். மெய்க்கு உதவாது. மேல்சட்டையும் வெள்ளாடும் இரண்டுமே ‘கோட்’ என்றாகிவிடும். முழுச் சொல்லுக்குப் பதில், இணையின் தலைக்கு மேல் மட்டும் ‘ஓ’ என்று குறித்தால் போதும். சொல்லின் கடைசியில் ‘போட்டு’, ‘ரோடு’ என்று உகரம் ஒட்டுவதையும் அப்போதே திருத்துங்கள். இல்லாவிட்டால் அதுவும் ஓர் ஒலி என்று எண்ணி நான்காவது கட்டம் கேட்பார்கள்.

உண்மையில் படிக்கிறார்களா, மனப்பாடமா என்றறியப் பொருளில்லாத சொல்தான் சரியான சோதனை. இங்கிலாந்தில் 2012 முதல் ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நடக்கும் ஃபோனிக்ஸ் தேர்வின் 40 சொற்களில் 20 இப்படிப்பட்டவை. எஃப்-ஏ-ஐ-பி என்று எழுதிக் காட்டுங்கள். ‘ஃபெய்ப்’ என்று படித்தால் இணை பிடிபட்டுவிட்டது. ‘ஃபைப்’ என்றால் இன்னும் ஊர்ப் பலகையில்தான் நிற்கிறது.

அந்த விதிக் கட்டத்தை விலக்கி, வாரத்துக்கு ஓர் இணை, எட்டுச் சொல், பொருளில்லாத சொல் இரண்டு என்று வெளியிடுங்கள். வெட்டி அட்டையில் ஒட்டிக்கொள்ளும் அளவில் அச்சிட்டால் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் வசதி.

இப்படிக்கு,
தொடக்கப் பள்ளி ஆங்கில ஆசிரியை,
திண்டுக்கல்