இடது கைக்கு ஒரு நிப்

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் பிறந்தநாளுக்கு வந்திருக்க வேண்டிய பார்சல் இது. ஐந்து வாரம் தாமதம். அட்டையைப் பிரித்துவிட்டாய் என்றால், தயவுசெய்து தங்கத்தின் மேல் விரல் வைக்காதே. மற்றதை எங்கே வேண்டுமானாலும் தொட்டுப் பார்.

என்ன எழுதியிருக்கிறேன் என்று பார்த்ததும் தெரிந்திருக்கும். உனக்கு ஆறு வயது. ஏதோ கோபத்தில் கதவில் ஒரு சீட்டை ஒட்டிவிட்டுப் போனாய்: 'அப்பா நான் மொட்டை மாடியில் இருக்கிறேன். தேட வேண்டாம்.' கோபித்துக்கொண்டு போகிறவர்கள் விலாசம் கொடுத்துவிட்டுப் போவதை அன்றுதான் பார்த்தேன். சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒரு எழுத்துக்குக்கூடப் புள்ளி வைக்கவில்லை நீ. ஓலைச்சுவடி எழுதியவர்களும் பெரும்பாலும் வைத்ததில்லை, அதனால் விட்டுவிடலாம். நான் மட்டும் ஒவ்வொரு புள்ளியையும் தங்கத்தில் வைத்திருக்கிறேன்.

கைக்கு ஒரு வேலை வேண்டும் என்றுதான் இந்த அழகெழுத்தை ஆரம்பித்தேன். முதல் மாதம் நிப்பையே தொடவில்லை. இரண்டு பென்சிலை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி எழுதினேன். இரண்டு முனைகளும் பட்டை நிப்பின் இரண்டு ஓரங்கள் மாதிரி. கோணம் மாறினால் இரண்டு கோடும் ஒட்டிக்கொண்டு உடனே காட்டிக்கொடுத்துவிடும். அப்புறம் ஆங்கில எழுத்து. எட்வர்ட் ஜான்ஸ்டன் என்பவர் 1899இல் லண்டனில் இதைப் பாடமாக நடத்தத் தொடங்கியவர். பைபிளின் சங்கீதங்களைப் பத்தாம் நூற்றாண்டில் எழுதிய சுவடி ஒன்றின் எழுத்தைப் பார்த்து, பழகுகிறவர்களுக்கு ஏற்ற ஒரு வடிவத்தை எடுத்தார். எழுத்தின் உயரம் நிப்பின் அகலத்தைப் போல 4 மடங்கு, பேனாவின் கோணம் 30 டிகிரி. லண்டன் சுரங்க ரயிலின் எழுத்துருவும் அவர் வரைந்ததுதான். அந்த வடிவத்தில் 'o' மட்டும் நான்கு நோட்டு நிறைய எழுதினேன். உன் அம்மா வந்து பார்த்துவிட்டு, முட்டை வாங்கியிருக்கிறதே என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தமிழுக்கு வந்தபோதுதான் சிக்கல். பட்டை நிப்பை இழுக்கலாம், தள்ள முடியாது. மேல்நோக்கித் தள்ளினால் காகிதத்தில் குத்தி மை தெறிக்கும். ரோமன் எழுத்தெல்லாம் இழுப்புகளாகப் பிரிந்து நிற்கும். நம் எழுத்து எடுத்த கையை விடாமல் சுற்றிச் சுற்றி வருகிறது. 'அ'வை மூன்று துண்டாக உடைத்து, ஒட்டு தெரியாமல் சேர்க்க இரண்டு வாரம் ஆனது. 'மொட்டை'யில் வரும் சங்கிலிக் கொம்பு இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. பார்த்தால் உனக்கே தெரியும்.

மை என் கைப்பட செய்தது. மாசிக்காயை நொறுக்கி ஊறவைத்து, அந்தச் சாற்றில் அன்னபேதி என்கிற இரும்பு உப்பும் கொஞ்சம் பிசினும் சேர்த்தால் முடிந்தது. ஐரோப்பிய மடங்களில் பல நூற்றாண்டுகள் எழுதியது இந்த மையில்தான். எழுதும்போது வெளிறிப்போய் இருக்கும், ஏமாந்துவிட்டோமோ என்று தோன்றும். காற்றுப் பட்டுப் பட்டுக் கறுக்கும். அவர்கள் கன்றுக்குட்டித் தோலில் எழுதினார்கள். அதற்குப் பெயர் வெல்லம், நம் வெல்லம் இல்லை. நான் பருத்திக் காகிதத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

தங்கத்தைப் பற்றித்தான் உன்னிடம் பேச வேண்டும். தங்க ரேக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கனம்தான். விரலால் எடுத்தால் விரலிலேயே கரைந்துபோகும். மூச்சு விட்டால் பறக்கும். ஆனால் அதே மூச்சுதான் வேலையையும் செய்கிறது. எழுத்தின் மேல் பசையைக் கனமாகப் பூசிக் காயவிட வேண்டும். பழைய முறைப்படி சுண்ணமும் ஈய வெள்ளையும் சேர்த்த கலவை. ஈயம் விஷம் என்பதால் நான் பி.வி.ஏ. என்கிற வெள்ளைப் பசையோடு சரி. காய்ந்த பிறகு காகிதத்தைக் குழலாகச் சுருட்டி அதன் வழியாக மெல்ல ஊத வேண்டும். மூச்சின் ஈரத்தில் பசை ஒரு கணம் உயிர்பெறும். அந்தக் கணத்துக்குள் ரேக்கை வைத்து அழுத்திவிட வேண்டும். அப்புறம் அகேட் கல்லால் தேய்த்தால் பளபளப்பு. இதற்காக ஃபேனை நிறுத்திவிட்டு, விடிவதற்கு முன் ஈரக்காற்றில் உட்கார்ந்திருந்தேன். முதல் நாள் தும்மிவிட்டேன். ஒரு ரேக்கு முழுவதும் என் மீசையில்.

தங்கம் முடிந்த பிறகுதான் வண்ணம். முறை மாறினால் ரேக்கு வண்ணத்திலும் ஒட்டிக்கொள்ளும். தூரிகை நுனியை நாக்கில் வைத்துக் கூர்ப்படுத்தும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது, அம்மா திட்டுகிறாள். திட்டுவதில் நியாயம் உண்டு. ஜெர்மனியில் டால்ஹைம் என்ற இடத்தில், ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பெண்கள் மடத்தில் புதைக்கப்பட்டிருந்த ஒருத்தியின் பற்காரையில் நீலத் துகள்களைக் கண்டார்கள். 2019இல் செய்தி வந்தது. ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த லாபிஸ் லாசுலிக் கல்லின் நீலம், தங்கம்போல மதிப்புள்ளது. அவளும் தூரிகையை நாக்கில் வைத்திருப்பாள் என்று நினைக்கிறார்கள். அந்தப் பெண்ணின் பெயர் யாருக்கும் தெரியாது.

சரி, தாமதத்துக்கு வருகிறேன். எல்லாம் முடிந்து, தங்கமும் தேய்த்து, சுவரில் சாய்த்துவைத்து அம்மாவைக் கூப்பிட்டேன். அவள் சத்தமாகப் படித்தாள்: 'அப்பா நான் மொட்டை மாடியில் இருக்கிறேன். வேண்டாம்.'

'தேட'வை விட்டுவிட்டேன். ஆறு வயதில் நீ செய்யாத பிழை.

தோல் என்றால் கத்தியால் சுரண்டிவிட்டு அந்த இடத்திலேயே எழுதலாம். பழைய ஓவியங்களில் எழுதுகிறவர்கள் வலது கையில் இறகுப் பேனாவும் இடது கையில் கத்தியுமாக இருப்பார்கள். ஆனால் ஒரு சொல்லுக்கு இடமில்லாதபோது எதைச் சுரண்டுவது? அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து வால்டர்ஸ் கலை அருங்காட்சியகத்தில் 1300ஐ ஒட்டி இங்கிலாந்தில் எழுதிய ஒரு பிரார்த்தனைச் சுவடி இருக்கிறது. அதை எழுதியவரும் ஒரு வரியை விட்டுவிட்டார். விட்ட வரியைப் பக்கத்தின் அடியில் எழுதி, அதைக் கயிறு கட்டி மேலே இழுக்கிற ஆளையும் வரைந்துவிட்டார்கள். நானும் அதையே செய்தேன். ஓரத்தில் இரட்டைச் சடையோடு கயிறு இழுக்கிற பெண் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. எந்தக் கையால் இழுக்கிறாள் என்று மட்டும் பார்.

அன்றைக்கு உன் கோபம் எதற்கு என்று எனக்கு மறக்கவில்லை. சிலேட்டில் எழுதும்போது உன் இடது கையிலிருந்து மூன்றாவது தடவையாகப் பலப்பத்தைப் பிடுங்கி வலது கையில் வைத்தேன். இறகு வெட்டப் பழகியபோது ஒன்று படித்தேன். வலதுகைக்காரருக்குப் பறவையின் இடது சிறகு இறகு வளைவில் பொருந்தும், இடதுகைக்காரருக்கு வலது சிறகு. கையை மாற்றவில்லை, இறகை மாற்றினார்கள். அன்று பிடுங்கியது தப்பு, பாப்பா.

பார்சலின் அடியில் ஒரு சின்னக் கவர் இருக்கும். நுனியைச் சாய்வாக வெட்டிய இரண்டு நிப், இடதுகைக்காரர்களுக்கென்று செய்தவை. காகிதத்தைக் கொஞ்சம் இடதுபுறம் தள்ளி வைத்துக்கொள். கை வரிக்குக் கீழே இருந்தால் மை இழுபடாது. ஃபிரேம் போடுவதாக இருந்தால் கண்ணாடி தங்கத்தில் படக்கூடாது, நடுவில் அட்டை வைக்கச் சொல். வெயில் படும் சுவர் வேண்டாம்.

அந்த நிப்பால் எனக்கு நாலு வரி எழுதி அனுப்பு. இழுபட்டாலும் அனுப்பு.

அப்பா