ஐசால் சபையாருக்கு எங்கள் நன்றி மடல்

மதிப்பிற்குரிய போதகர் ஐயா, மூப்பர்கள், மகளிர் சங்கத்துத் தாய்மார்கள், ஒய்.எம்.ஏ. (யங் மிசோ அசோசியேஷன்) தம்பி தங்கைகள் அனைவருக்கும்,

வங்கி, கல்லூரி, மத்திய அரசு அலுவலகம் என்று வேலை நிமித்தம் மிசோரம் வந்து குடியிருந்த தமிழ்க் குடும்பங்கள் சில, இவ்வாண்டு மாற்றலாகிப் போகிறோம். போகுமுன் சொல்லவேண்டிய நன்றி இது. எங்கள் இடத்துக்கு வரப்போகிறவர்களும் யார் யாருக்குக் கடமைப்பட்டிருக்கிறோம் என்று தெரிந்துகொண்டு வரட்டும் என்பதால் தமிழில் எழுதுகிறோம். மிசோ மொழிபெயர்ப்பைச் சபைச் செயலரிடம் கொடுத்தாயிற்று.

முதல் நன்றி மகளிர் சங்கத்துக்கு. வாராவாரம் செங்குத்தான படிச்சந்துகளில் பையோடு ஏறி இறங்கி வீடு வீடாக அரிசி வாங்கிப் போகிறவர்கள் அவர்கள். 1910-இல் தொடங்கிய ‘பூஃபாய் தாம்’ அது. நம்மூர்ச் சபைகளில் பிடி அரிசி என்போமே, அதேதான். நம் பக்கம் பல வீடுகளில் அது காணிக்கை உறையாகச் சுருங்கிவிட்டது. இங்கே இன்னும் அடுப்படியில் இருக்கிறது. சமைப்பவர் உலைக்கு அரிசி அளந்ததும், கழுவுவதற்கு முன், அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனி டப்பாவில் போடுகிறார். அளந்ததிலிருந்து எடுப்பதுதான் முக்கியம். மூட்டையிலிருந்து எடுத்தால் மாதக் கடைசியில் கை தானாகச் சுருங்கும். மிசோ வீட்டில் சோறு காலை ஒன்பது மணி வாக்கில் ஒருமுறை, பொழுது சாயும்போது ஒருமுறை. நாளைக்கு இரண்டு பிடி. பிடிக்கு 30, 40 கிராம் என்றால் வாரத்துக்கு அரைக் கிலோ. நாற்பது வீடுள்ள சந்தில் வாரம் 20 கிலோ சேர்ந்துவிடும்.

கெடுவதற்கும் வழி உண்டு. மே முதல் செப்டம்பர் வரை இங்கே மழை ஓயாது. ஈரக் கையால் எடுத்த பிடி, மூடி சரியாக இறுகாத டப்பா, இரண்டு வாரம் எடுக்காமல் விட்ட அரிசி, இவற்றில் எது இருந்தாலும் வண்டு வந்துவிடும். ஒரு வீட்டு வண்டு பையில் உள்ள எல்லா வீட்டு அரிசிக்கும் போகும். அதனால்தான் தாய்மார்கள் கொட்டுவதற்கு முன் கையை உள்ளே விட்டுக் கிளறிப் பார்க்கிறார்கள். சந்தேகப்படுகிறார்கள் என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். பல வகை கலந்த அரிசி ஒரே பதமாக வேகாது. ஒன்று குழையும்போது இன்னொன்று விதையாக நிற்கும். அதிலும் நம் புழுங்கலரிசி விழுந்தால் கேட்கவே வேண்டாம். தமிழ் வீட்டு அரிசியை முகம் கோணாமல் தனிப் பையில் வாங்கிக்கொண்ட பொறுமைக்குத் தனி நன்றி.

இந்த அரிசி விற்ற காசில் சினாட்டின் (மிசோரம் பிரஸ்பிடீரியன் சபையின் தலைமை அமைப்பு) ஊழியம் மாநிலம் தாண்டி நடக்கிறது. இதைச் சேர்த்துத் தரும் பெண்களுக்குப் போதகர் அபிஷேகம் மட்டும் இல்லை. விருந்தாளிகள் சொல்லக் கூடாதுதான், இருந்தாலும் சொல்லிவிட்டோம்.

அடுத்து ஒய்.எம்.ஏ. பிள்ளைகள். 1935 ஜூன் 15-இல் தொடங்கிய சங்கம். சபையின் கிளை அல்ல, ஆனால் சாவு வீட்டில் சபையையும் இதையும் பிரித்துப் பார்க்க முடியாது. வெங்கில் (நம்மூர்ப் பேட்டை போல) ஒரு உயிர் போனால் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வருகிறது. ஒரு கூட்டம் கடப்பாரை, மண்வெட்டியோடு குழி வெட்டப் போகிறது. ஒரு கூட்டம் பெட்டி வேலையைப் பார்க்கிறது. பெஞ்சும் தேநீர்ப் பாத்திரமும் தானாக வந்து இறங்குகின்றன. யாருக்கும் கூலி கிடையாது. இரவில் குவாங் மேளத்தைச் சுற்றி உட்கார்ந்து, பரலோகத்தைப் பற்றிய பாட்டுகளை இழுத்து இழுத்துப் பாடுகிறார்கள். அடக்கம் முடிந்த பிறகும் இளைஞர்கள் சில இரவு அந்த வீட்டிலேயே வந்து படுக்கிறார்கள். வீட்டுக்காரர் பேச வேண்டியதில்லை, விருந்தோம்ப வேண்டியதில்லை. வீடு வெறிச்சென்று இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

உடலைத் தமிழ்நாட்டுக்கு அனுப்ப வேண்டியிருந்தால் வேலை வேறு மாதிரி. மருத்துவமனையின் இறப்புச் சான்று, உடலைப் பதப்படுத்திய சான்று, போலீஸ் தடையில்லாச் சான்று, பெட்டியை அடைத்து முத்திரையிட்ட சான்று எல்லாம் கையில் இருந்தால்தான் விமான சரக்குப் பிரிவு வாங்கும். ஒன்று குறைந்தாலும் அன்றைய விமானம் போய்விடும். லெங்புய் விமான நிலையம் நகரிலிருந்து மலைப்பாதையில் முப்பது கிலோமீட்டருக்கு மேல். சிறிய விமானம் என்றால் சரக்கு அறைக் கதவுக்குள் பெட்டி நுழையுமா என்று அளவைச் சொல்லி முன்பே கேட்டுவிட வேண்டும். கொல்கத்தாவிலோ குவாஹாட்டியிலோ மாறும் விமானத்துக்கும் இதே கேள்வி. சனி இரவு மரணம் நேர்ந்தால் சிக்கல் இரட்டிப்பு, ஞாயிறன்று ஐசாலில் கடைகூடத் திறக்காது. அப்படிப்பட்ட ஞாயிறுகளில் ஆராதனைக்கு நடுவே எழுந்து போய், கையெழுத்துப் போட வேண்டியவரை வீட்டிலிருந்து அழைத்துவந்த மூப்பர்களுக்கு என்ன சொல்லி நன்றி சொல்ல!

ஊரிலிருந்து ஓடிவரும் உறவினருக்கு இன்னர் லைன் பெர்மிட் (வெளிமாநிலத்தார் மிசோரத்துக்குள் வருவதற்கான அனுமதி) வேண்டும். லெங்புயில் இறங்கியதும் தற்காலிகப் பெர்மிட் தருவார்கள். அடையாள அட்டையும் போட்டோவும் கையில் இருக்கட்டும். அசாமின் சில்சார் வழியாகச் சாலையில் வந்தால் மாநில எல்லையிலுள்ள வைரெங்தேயில் சோதனை. துக்கத்தில் இதை யாரும் நினைப்பதில்லை, நினைவூட்டியவர்கள் நீங்கள்.

போதகர் ஐயாவுக்கு ஒரு சேகரத்தில் பல சபைகள். நற்கருணைக்கும் ஞானஸ்நானத்துக்கும் அவர் வந்தாக வேண்டும். மற்ற வாரங்களில் மூப்பர்களே நடத்துகிறார்கள். அத்தனை சபைக்கும் நடுவில் நோயாளிகளைப் பார்க்க துர்த்லாங் ஆஸ்பத்திரிக்கும் போய்வருகிறார்.

பாடகர் குழுவுக்கும் ஒரு வார்த்தை. வெல்ஷ் மிஷனரிகள் கொடுத்துப்போன சொல்ஃபாதான் (டோ, ரே, மீ என்று சுரங்களை எழுத்தில் குறிக்கும் முறை) இங்கே பாட்டுப் புத்தகம் முழுக்க. நெல்லைப் பக்கம் பாடகர் குழுவில் பாடிப் பழகியவர் மொழி தெரியாமலே முதல் வாரத்தில் டெனார் வரிசையில் உட்கார்ந்துவிடலாம். உட்கார இடம் விட்டீர்கள். கிறிஸ்துமஸ் பந்தியில் பன்றிக்கறி அண்டாவுக்குப் பக்கத்தில் காய்கறிக்குத் தனிச் சட்டியும் தனிக் கரண்டியும் வைத்தீர்கள். கரண்டி மாறாமல் பார்த்துக்கொண்ட தம்பிக்கு நன்றி.

புதிதாக வருகிறவர்களுக்கு: ஊர்ச் சபையின் மாற்றுக் கடிதத்தை முதல் ஞாயிறே செயலரிடம் கொடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் வீடு எந்த மூப்பரின் பொறுப்பு என்று எழுத முடியாது. ஒய்.எம்.ஏ. சந்தாவையும் அந்த வாரமே கட்டுங்கள். குழி வெட்டும் முறை வந்தால் ஆள் அனுப்பாமல் பணம் கொடுத்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். அரிசி டப்பாவுக்கு இறுக்கமான மூடி வாங்குங்கள்.

கன் லோம் ஏ (மிசோவில் ‘எங்கள் நன்றி’).

மாற்றலாகிச் செல்லும் தமிழ்க் குடும்பங்கள்,
ஐசால்