துருவேறிக் கிடந்த களைக்கருவி வயலுக்கு வந்தது: உதவிய எல்லோருக்கும் நன்றி

அன்புள்ளவர்களுக்கு,

பதினான்கு மாதமாகக் கொட்டகையில் பிரித்துப் போட்டபடியே கிடந்த கருவி போன வாரம் வயலில் இறங்கியது. டிராக்டரின் பின்னால் பூட்டி, ஒரே ஓட்டத்தில் ஆறு வரிசைக்கு நடுவே களை வெட்டினோம். வரப்போரம் திரும்பும்போது பத்துப் பன்னிரண்டு செடிகள் போனது உண்மைதான். மற்ற இடமெல்லாம் பயிர் அப்படியே நிற்க, களை மட்டும் வேர் மேலே தெரியக் கிடந்தது. அதைப் பார்த்த அன்று இரவே இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். அவ்வளவு பேரின் வேலை அந்த வயலில் தெரிந்தது.

முதல் நன்றி, கருவிகளைக் கொடுத்த அம்மாவுக்கு. 1940-களில் 2,4-டி போன்ற களைக்கொல்லிகள் வந்த பிறகு இப்படிப்பட்ட கருவிகள் எத்தனையோ கொட்டகைகளின் மூலைக்குப் போய்விட்டன. உங்கள் வீட்டிலும் இரண்டு கிடந்தன. கத்திகளை மட்டும் தனியாகப் பழைய என்ஜின் ஆயிலில் ஊறவைத்து, தகர டப்பாவில் பத்திரமாக வைத்திருந்தீர்கள். "அவர் கடைசியாகத் தீட்டி வைத்தது" என்று சொல்லித்தான் எடுத்துக் கொடுத்தீர்கள். கூடவே ஒரு மரக்கட்டையும் வந்தது. வெட்டுக் குறிகள் போட்ட நீளமான கட்டை. அது என்னவென்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

முன்பே ஒரு பட்டறையில் காட்டியிருந்தேன். எடைக்குப் போட்டுவிடுங்கள் என்றார்கள். அதைக் கேட்டு மனம் விட்டுப்போன நேரத்தில்தான் மெக்கானிக் ஐயா வந்து பார்த்தார். ஐயா, நீங்கள் முதலில் தொட்டது அந்தக் கட்டையைத்தான். குறிக்குக் குறி 50 சென்டிமீட்டர். ஒவ்வொரு குறியின் இரண்டு பக்கமும் 5 சென்டிமீட்டர் தள்ளி ஒரு மெல்லிய கோடு. "குறி பயிர், கோடு கத்தி" என்றீர்கள். எனக்கு மொத்தக் கருவியும் அந்த நொடியில் விளங்கியது. வரிசைக்கு இரண்டு பக்கமும் 5 சென்டிமீட்டர் விட்டுவிட்டால், வெட்ட வேண்டியது நடுவில் உள்ள 40 சென்டிமீட்டர். அதற்கு அம்பு முனை போன்ற 20 சென்டிமீட்டர் கொழு ஒன்று நடுவில், 13 சென்டிமீட்டர் எல் வடிவக் கத்தி பக்கத்துக்கு ஒன்று. கூட்டினால் 46 வரும். மிச்சம் 6 சென்டிமீட்டர், ஒன்றின் தடத்தை மற்றொன்று இருபுறமும் மும்மூன்று சென்டிமீட்டர் மூடுவதற்கு. அந்த மூடல் இல்லாவிட்டால் நடுவில் கோடு போட்டதுபோல் களை தப்பி நிற்கும்.

இன்னொன்றும் ஐயாதான் கண்டுபிடித்தார். எங்களிடம் வந்தபோது எல் கத்திகள் இடம் வலம் மாறிப் பூட்டியிருந்தன. நிமிர்ந்த கால் பயிர்ப்பக்கம் இருக்க வேண்டும், படுத்த அலகு இடைவெளிக்குள் நீள வேண்டும். மாறியிருந்தால் அலகு இளஞ்செடியின் வேருக்கடியில் போய்விடும். அப்படியே வயலுக்குக் கொண்டுபோயிருந்தால் முதல் நாளே கைவிட்டிருப்பேன்.

கடைசல் பட்டறை அண்ணனுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. இந்தக் கருவியில் ஏழு தனித்தனிச் சட்டங்கள். ஒவ்வொன்றும் கத்திகளைத் தாங்கி, நான்கு பின்களில் (மூட்டு ஆணிகளில்) தொங்கும் இணைகரம், அதாவது எதிரெதிர்ப் பக்கங்கள் எப்போதும் இணையாகவே நிற்கும் நாற்கரம். நிலம் ஏறினாலும் இறங்கினாலும் கத்தியின் சாய்வு மாறாமல் இருப்பது அந்த அமைப்பால்தான். ஆனால் பின் தேய்ந்துவிட்டால் எல்லாம் வீண். ஒரு பின்னில் 2 மில்லிமீட்டர் ஆட்டம் என்றால், கத்தி நுனிக்குப் போகும்போது அது பல மடங்காகும். 5 சென்டிமீட்டர் தள்ளி வைத்த கத்தி பயிரையே தொட்டுவிடும். அண்ணன் 28 பின்களையும் புதிதாகக் கடைந்தார். பின்னைச் சுற்றி உறைபோல் இருக்கும் புஷ்ஷைப் பின்னைவிட மிருதுவான உலோகத்தில் செய்தார், இனி தேய்வதென்றால் புஷ் தேயட்டும், அதை மாற்றுவது சுலபம் என்று. ஒவ்வொன்றையும் கையால் ஆட்டிப் பார்த்த பிறகே அனுப்பினார்.

வெல்டிங் தம்பிக்கு நன்றியோடு ஒரு மன்னிப்பும். இறுகிப்போன ஒரு போல்ட்டைக் கழற்ற நானே தீ வைத்துக் காய்ச்சினேன், பக்கத்திலிருந்த அழுத்த ஸ்பிரிங்கைக் கவனிக்கவில்லை. பழுக்கச் சூடேறி அதன் முறுக்கே போய்விட்டது. நல்லவேளை, இரண்டாவது கருவியில் அதே ஸ்பிரிங் இருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு போல்ட்டுக்கும் நீங்கள் முதல் நாளே எண்ணெய் விட்டு, தட்டி, ஸ்பிரிங்கையும் பேரிங்கையும் எடுத்துவிட்டுத்தான் தீயைக் கொண்டுவந்தீர்கள். தூக்கி நிறுத்திய கருவிக்கு அடியில் முட்டுக்கட்டை வைக்காமல் என்னைக் குனியவிடவில்லை. ஹைட்ராலிக் எப்போது இறங்கும் என்று யாருக்கும் தெரியாது.

போல்ட் பெட்டி கொடுத்தவரே, உங்களை மறக்கவே முடியாது. அரை அங்குல போல்ட் என்று வாங்கி வந்ததெல்லாம் இரண்டு சுற்று ஏறி இறுகி நின்றுவிட்டது. 1841-ல் ஆங்கிலேயப் பொறியாளர் ஜோசப் விட்வொர்த் வகுத்த மரை (போல்ட்டைச் சுற்றி ஓடும் திருகு வரி) இது, அங்குலத்துக்கு 12 சுற்று. கடையில் கிடைத்தது அமெரிக்க மரை, 13 சுற்று. மரையின் கோணமும் வேறு, இதற்கு 55 பாகை, அதற்கு 60. முறுக்கித் திணித்திருந்தால் பழைய நட்டும் கெட்டிருக்கும். உங்கள் தாத்தா காலத்துப் பெட்டியில் இருந்ததெல்லாம் சரியான மரை.

விதைத்த நண்பருக்கு: ஆறு வரிசையாக விதைத்த வயலில் அதே ஆறு வரிசையாகத்தான் களை வெட்ட முடியும். அடுத்தடுத்த இரண்டு ஓட்டம் சேரும் இடைவெளி ஒருபோதும் அச்சாக 50 இருக்காது, அதனால்தான் கருவியின் இரண்டு ஓரச் சட்டமும் பாதி அகலம் மட்டும் வெட்டும். நீங்கள் நேராக ஓட்டி விதைத்ததால் அந்தப் பாதிகள் தானாகவே சேர்ந்துகொண்டன.

கடைசியாக, பின் இருக்கையில் உட்கார்ந்து, கருவியை இடம் வலம் நகர்த்தும் திருப்புகோலைப் பிடித்த என் அக்காவுக்கு. டிராக்டர் ஓட்டுபவர் முன்னால் பார்ப்பார்; கத்தி பயிருக்கு எவ்வளவு கிட்டே போகிறது என்று பார்ப்பது பின்னால் இருப்பவர். முதல் ஓட்டத்தில் நடைவேகம்தான். "இன்னும் மெதுவா, மண் செடி மேல விழுது" என்று அக்கா கத்த, வேகத்தைக் குறைத்து, செடி மேல் மண் விழாமல் தடுக்கும் காப்புத் தகடுகளையும் கொஞ்சம் இறக்கினோம். கத்தி 3 சென்டிமீட்டருக்கு மேல் ஆழம் போகவில்லை. களை அப்போதுதான் முளைத்து, வெள்ளை நூல்போல வேர் விட்டிருந்தது. காலையில் வெட்டியது மதிய வெயிலில் சுருண்டுவிட்டது.

மரக்கட்டையை அம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதே அளவில் மூன்று கட்டைகள் புதிதாகச் செய்து வைத்திருக்கிறேன். பின், புஷ் அளவுகளை அண்ணன் ஒரு தாளில் வரைந்து தந்திருக்கிறார். இதேபோல ஒரு கருவி உங்கள் கொட்டகையில் கிடந்தால் சொல்லுங்கள், கட்டையும் தாளும் எடுத்துக்கொண்டு வருகிறேன். இரண்டாவது கருவியில் இன்னும் நான்கு சட்டங்கள் நன்றாக இருக்கின்றன, தேவைப்படுபவர் எடுத்துக்கொள்ளலாம்.

மிகுந்த நன்றியுடன்.