இன்பிட்வீன் ஆள் எழுதுவது

ஏற்காடு
ஞாயிறு சாயங்காலம்

மாப்ளே,

உன் வாய்ஸ் மெசேஜை இரண்டு தடவை கேட்டேன். முதல் தடவை ஓசூர் லாரிகள்தான் பேசின. இரண்டாவது தடவைதான் விஷயம் பிடிபட்டது. பையன் பிளஸ் டூ முடித்துவிட்டான், அனிமேஷன்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான், "நீ அந்த லைனில் இருந்தவனாச்சே, யாரைப் பார்த்துக் கத்துக்கணும், எந்த சாஃப்ட்வேர் நல்லது, நாலு பேர் சொல்லு" என்கிறாய். நாலு பேர் சொல்லப் போனால் எனக்கு நாற்பது பேர் வரும், அதனால் உட்கார்ந்து டைப் பண்ணுகிறேன். பொறுமையாகப் படி.

அக்கா வீட்டில் இருக்கிறேன். மாமா இன்னும் அதே எஸ்டேட்டில்தான் கணக்கு எழுதுகிறார். மலர்க் கண்காட்சிக் கூட்டம் காலையிலிருந்து ஏரிப் பக்கம் அலைமோதியது, மூன்று மணிக்கு ஒரு கோடை மழை அடித்ததும் பாதிப் பேர் மலை இறங்கிவிட்டார்கள், கூடவே கரண்டும் போய்விட்டது. அம்மாவுக்கு முட்டிவலி, மற்றபடி சௌக்கியம், உன்னைத்தான் அடிக்கடி விசாரிக்கிறாள். அம்மாப்பேட்டையில் நம் தெருவில் இப்போது மூன்று வீட்டில்தான் தறி ஓடுகிறது. நான் அந்த மூன்று வீட்டுக்கும் இன்னும் சில பேருக்கும் பார்டர் டிசைன் போட்டுக் கொடுத்துப் பிழைக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பத்தாம் வகுப்பில் உன் வரலாறு நோட்டின் ஓரத்தில் நாம் ஓட்டிய பஸ் நினைவிருக்கிறதா? அடிவாரத்தில் கிளம்பி இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறணும் என்று திட்டம். ஒவ்வொரு வளைவிலும் பஸ் நுழைகிற படத்தை நீ போடுவாய், வெளியே வருகிற படத்தையும் நீயே போடுவாய், நடுவில் பஸ் எப்படித் திரும்புகிறது என்பதை எட்டுப் பத்துத் தாளில் நிரப்புவது என் வேலை. யார் அப்படிப் பிரித்தது என்று தெரியவில்லை, ஆனால் என் தலையெழுத்தை அன்றைக்கே யாரோ எழுதிவிட்டார்கள். பதினான்காவது வளைவில் நோட்டு தீர்ந்துபோனது.

சென்னை ஸ்டூடியோவில் எனக்குக் கிடைத்ததும் அதே வேலைதான். ஏதோ வெளிநாட்டு டிவி தொடர், முக்கியமான நிலைகளை வேறு யாரோ வரைந்து அனுப்புவார்கள், எந்த இடைவெளியில் எத்தனை படம் என்று ஓரத்தில் சின்னதாய் ஒரு டைமிங் சார்ட் இருக்கும், நாங்கள் அடியில் விளக்கு எரிகிற லைட் பாக்ஸ் மேல், தாள் நகராமல் பிடிக்கிற பெக் பாரில் தாளை மாட்டி நடுப்படங்களைப் போடணும், அதற்குப் பேர்தான் இன்பிட்வீன். விநாடிக்கு 24 ஃபிரேம், ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினால் விநாடிக்கு 12 படம். நான் போட்ட ஒரு நாள் வேலை திரையில் ஒருவன் தும்மி முடிப்பதற்குள் போய்விடும். கடைசியில் அந்த ஸ்டூடியோ ஒரு திங்கட்கிழமை பூட்டியே கிடந்தது, இரண்டு மாசச் சம்பளம் இன்றுவரை வரவில்லை, அந்தக் கதைதான் உனக்குத் தெரியுமே.

ஆனால் அங்கே ஒரு சூப்பர்வைசர் இருந்தார், அவரிடம் கற்றதை இன்னும் மறக்கவில்லை. நான் போட்ட முதல் தலை திருப்பலை ஐந்து தாளாக விரலிடுக்கில் செருகி முன்னும் பின்னும் உருட்டிப் பார்த்தார். "ரயில்வே கேட் மாதிரி திரும்புதுப்பா" என்றார். இடப்பக்கம் பார்க்கிற முகத்துக்கும் வலப்பக்கம் பார்க்கிற முகத்துக்கும் நட்டநடுவில் நேர்க்கோடாக ஒரு முகத்தைப் போட்டிருந்தேன். கணக்கு சரி, உயிர் இல்லை. பிறகு என்னையே கண்ணாடி முன்னால் நிறுத்தித் திரும்பச் சொன்னார். திரும்பும்போது மோவாய் கொஞ்சம் கீழே இறங்கி ஏறுகிறது, நடுவில் கண் ஒரு தடவை மூடித் திறக்கிறது. நாற்பது வருஷம் கழுத்தைத் திருப்புகிற ஆளுக்கும் இது தெரியாது. நீயும் இப்போது ஒரு தடவை திரும்பிப் பார், உன் வீட்டுக்காரி சிரித்தால் சிரிக்கட்டும்.

அதனால்தான் உன் பையனுக்கு நான் சொல்கிற முதல் பேர் வின்சர் மெக்கே. அமெரிக்கப் பத்திரிகை கார்ட்டூனிஸ்ட். 1914 இல் கெர்ட்டி என்ற டைனோசரை வரைந்து மேடைக்குக் கொண்டுவந்தார். திரையில் கெர்ட்டி, பக்கத்தில் சாட்டையோடு மெக்கே நின்று கையைத் தூக்கு, குனிந்து வணக்கம் சொல்லு என்று அதட்டுவார், அது கேட்கும், சில சமயம் அடம் பிடிக்கும், திட்டினால் அழும். கடைசியில் மெக்கே திரைக்குப் பின்னால் போவார், திரையில் வரைந்த மெக்கே வந்து கெர்ட்டி மேல் ஏறிக்கொள்வார். ஜனம் வாயைப் பிளக்காமல் என்ன செய்யும்? ஆனால் எனக்குப் பிடித்தது அதுவல்ல. கெர்ட்டி படுத்துக்கொண்டு மூச்சு விடுகிற இடம் ஒன்று உண்டு. அதற்கு எத்தனை படம் வேண்டும் என்று கண்டுபிடிக்க மெக்கே கடிகாரத்தைப் பார்த்துத் தன் மூச்சையே அளந்தாராம். கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு மூச்சை எண்ணும் ஒரு பெரிய மனுஷன், அதுவும் ஒரு டைனோசருக்காக!

அதே படத்தில் பின்னணியில் இருக்கிற கல்லும் மலையும் ஏரியும் லேசாக நடுங்கிக்கொண்டே இருக்கும், கவனிக்கச் சொல். பின்னணியைத் தனித் தாளில் ஒரே தடவை வரைந்துவிட்டு, மேலே கண்ணாடி மாதிரியான செல்லுலாய்டு தாளில் உருவத்தை மட்டும் மாற்றும் முறை அப்போது புழக்கத்துக்கு வரவில்லை. ஏர்ல் ஹர்ட் அதற்குக் காப்புரிமை வாங்கியது அடுத்த வருஷம்தான். அதனால் ஒவ்வொரு தாளிலும், ஆயிரக்கணக்கான தாளிலும், அதே மலையைத் திரும்பத் திரும்ப நகலெடுக்க வேண்டியிருந்தது. அதைச் செய்தவர் ஜான் ஃபிட்ஸிமன்ஸ் என்ற பக்கத்து வீட்டு மாணவர். எங்கள் மாதிரி இன்பிட்வீன் ஆட்களுக்கு ஒரு சங்கம் இருந்தால் தலைவராகப் போட வேண்டிய ஆள். அப்புறம் இன்னொரு கூத்து. மெக்கே தன் வித்தையை ஒளித்து வைக்கவில்லை, கேட்டவர்களுக்கெல்லாம் காட்டினார். பத்திரிகைக்காரன் என்று சொல்லிக்கொண்டு வந்த ஜே. ஆர். பிரே என்பவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் போய்க் காப்புரிமை வாங்கி, மெக்கே மேலேயே வழக்கும் போட்டார். மெக்கே ஜெயித்து, பிரேயிடமிருந்தே ராயல்டி வாங்கினார் என்பது எனக்கு இன்றைக்கும் இனிக்கிற செய்தி. இரண்டு மாசச் சம்பளம் போனவனுக்குத்தான் அந்த ருசி தெரியும்.

மழைக்குப் பிறகு மேகம் கீழே இறங்கிவிட்டது. வாசலில் சில்வர் ஓக் மரங்கள் வரிசையாக நிற்கின்றன, எல்லாவற்றிலும் மிளகுக்கொடி. முதல் மரத்தில் கொடியின் ஒவ்வொரு இலையும் தெரிகிறது. இரண்டாவது வெறும் சாம்பல் நிறம். மூன்றாவது மரம் அங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிவதால்தான் தெரிகிறது. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இரண்டு பேர் நினைவுக்கு வருவார்கள்.

ஒருவர் டைரஸ் வாங். சீனாவிலிருந்து ஒன்பது வயதில் அப்பாவோடு அமெரிக்கா போனவர். மை வாங்கக் காசில்லாமல், பிரஷ்ஷைத் தண்ணீரில் தோய்த்துச் செய்தித்தாளில் எழுத்துப் பயிற்சி செய்யச் சொன்னாராம் அப்பா. காய்ந்தால் போச்சு, மறுபடி எழுது. 1938 இல் டிஸ்னியில் சேர்ந்தபோது கிடைத்தது என்ன வேலை தெரியுமா? இன்பிட்வீன்! நாள் முழுக்க லைட் பாக்ஸில் கண் எரிய நடுப்படம் போட்ட மனிதர், பேம்பி என்ற மான்குட்டிப் படத்தை எடுக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, வீட்டில் உட்கார்ந்து காட்டை வரைந்து கொண்டுபோய்க் காட்டினார். மற்றவர்கள் ஒவ்வொரு இலையையும் வரைந்து மான்குட்டியே காணாமல் போகும்படி செய்துகொண்டிருந்தார்கள். இவர் பழைய சீன ஓவியம் மாதிரி நாலு தீற்றலில் காட்டையும் மூட்டத்தையும் கொண்டுவந்துவிட்டார். படத்தின் முகமே மாறியது. 1942 இல் படம் வந்தபோது டைட்டிலில் பின்னணி ஓவியர்களில் ஒருவர் என்று மட்டும் போட்டார்கள். அதற்கு முன்பே, 1941 வேலைநிறுத்தத்தை ஒட்டி, வேலையிலிருந்தும் அனுப்பிவிட்டார்கள். மனிதர் 106 வயது இருந்து, பட்டம் செய்து பறக்கவிட்டு, 2016 இல்தான் போனார். டிஸ்னி அவரை ஜாம்பவான்கள் வரிசையில் சேர்த்தது 2001 இல். ரொம்ப சீக்கிரம்!

இன்னொருவர் ரஷ்யாவின் யூரி நோர்ஷ்டெய்ன். 1975 இல் வந்த அவருடைய முள்ளெலிக் குட்டிப் படம் பத்து நிமிஷம்தான். நண்பனான கரடியைப் பார்க்கப் போகிற குட்டி வழியில் மூடுபனிக்குள் இறங்கிவிடுகிறது, அவ்வளவுதான் கதை. அந்தப் பனியை எப்படிச் செய்தார் தெரியுமா, உருவங்களின் மேல் மெல்லிய தாள் ஒன்றை வைத்து, ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கேமராவை நோக்கித் தூக்கினார். தாள் மேலே வர வர, அடியில் இருப்பது மங்கி வெள்ளையில் கரையும். எனக்கு இதைப் படித்த அன்று தூக்கமே வரவில்லை. ஒரு தாள், அவ்வளவுதானா! அந்த உருவங்களை வரைந்தவர் அவர் மனைவி ஃபிரான்செஸ்கா யார்புசோவா, அந்தப் பேரையும் பையன் குறித்துக்கொள்ளட்டும், எல்லோரும் விட்டுவிடுகிற பேர்.

லோட்டெ ரைனிகரையும் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் கத்தரிக்கோலும் கறுப்பு அட்டையும் வைத்து மூன்று வருஷம் உழைத்து 1926 இல் இளவரசர் அக்மதின் கதையை முழுநீளப் படமாக எடுத்தவர். தோல்பாவைக் கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு அவரை விளக்கத் தேவையில்லை.

நம் பக்கத்துக்கு வந்தால் ராம் மோகன். 1956 இல் பம்பாய் ஃபிலிம்ஸ் டிவிஷனில் கார்ட்டூன் பிரிவு தொடங்கியபோது டிஸ்னியில் வேலை பார்த்த கிளேர் வீக்ஸ் வந்து பயிற்சி கொடுத்தார், அதில் தேறியவர். பின்னால் ஜப்பானின் யூகோ சாகோவோடு சேர்ந்து அவர் உழைத்த ராமாயணம் 2025 ஜனவரியில் தமிழ் பேசிக்கொண்டு தியேட்டருக்கு வந்தது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். ராமர் காட்டுக்குப் போனதிலிருந்து வெளியே வரும் வரைக்கும் அம்மா முட்டிவலியைப் பற்றிப் பேசவில்லை.

சாஃப்ட்வேர் கேட்டாயே. பிளெண்டர் போதும், இலவசம். லாட்வியா என்ற குட்டி நாட்டிலிருந்து கின்ட்ஸ் ஜில்பலோடிஸ் என்ற இளைஞர் அதில்தான் ஒரு பூனைக் கதையை எடுத்தார், ஃப்ளோ என்று பேர், ஒரு வார்த்தை வசனம் கிடையாது, 2025 இல் ஆஸ்கர் வாங்கிவிட்டது. அதற்கு முந்தைய முழுநீளப் படத்தை மனிதர் தனி ஆளாகவே முடித்திருந்தார். அதனால் லட்சக்கணக்கில் ஃபீஸ் வாங்கிக்கொண்டு நூறு சதவீதம் வேலை என்று பேனர் வைக்கிற இடங்களில் போய்ப் பணத்தைக் கொட்டாதே. அகமதாபாத்தில் என்.ஐ.டி. என்கிற தேசிய டிசைன் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குத் தயாராகச் சொல், தரமணியில் அரசு திரைப்படக் கல்லூரியிலும் அனிமேஷன் படிப்பு இருக்கிறது, விசாரி.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். நான் பார்த்த வேலை அவனுக்குக் கிடைக்காது. நடுப்படத்தைக் கம்ப்யூட்டர் போட்டு ரொம்ப நாளாச்சு, இப்போது ஏஐ மொத்தத்தையும் போடுகிறேன் என்று வந்து நிற்கிறது. ஆனால் அது போட்டுக் கொடுப்பதை உருட்டிப் பார்த்து "ரயில்வே கேட்" என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும் இல்லையா? மோவாய் எங்கே இறங்குகிறது என்று தெரிந்த ஆள். நார்மன் மெக்லாரன் என்று கனடாவில் ஒருவர் இருந்தார், கேமராவே இல்லாமல் ஃபிலிம் சுருளின் மேல் நேரடியாக வரைந்தவர். ஒரு ஃபிரேமில் என்ன இருக்கிறது என்பதைவிட இரண்டு ஃபிரேமுக்கு நடுவில் என்ன நடக்கிறது என்பதுதான் முக்கியம் என்பது அவர் கட்சி. என் கட்சியும் அதுதான்.

எனக்கு அது தறியிலும் தெரிகிறது. தறிக்கு டிசைனைச் சொல்கிற ஜக்கார்டு அட்டையைப் பார்த்திருப்பாய், ஓட்டை இருக்கிற இடத்தில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் மேலே தூக்கும், இல்லாத இடத்தில் தூக்காது, ஒரு அட்டைக்குக் குறுக்கே ஓடும் ஊடை நூல் ஒரு தடவை. நான் போன வாரம் போட்ட அன்னம் இருநூறு அட்டை. தனியாக ஒரு அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் வெறும் ஓட்டைதான், அன்னத்தின் கழுத்தா, வாலா என்று எனக்கே சொல்ல முடியாது. அறுபதாவது அட்டையில் ஓர் ஓட்டை தப்பு, நெய்து பார்த்தபோது அன்னத்துக்குத் தொண்டையில் மீன்முள் சிக்கின மாதிரி இருந்தது. தறிக்காரர் சிரித்துவிட்டு அட்டையை மாற்றச் சொன்னார்.

பையனை இங்கே அனுப்பு, ஒரு வாரம் இருக்கட்டும். அடிவாரத்திலிருந்து பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார வைக்கிறேன், ஒவ்வொரு வளைவிலும் டிரைவர் உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது, பஸ் திரும்புவதற்கு எவ்வளவு முன்னால் அவர் கண் திரும்புகிறது என்று பார்க்கட்டும். லேப்டாப் வேண்டாம், பென்சில் போதும். மல்கோவா வந்துவிட்டது, திரும்பும்போது ஒரு பெட்டி கொடுத்து விடுகிறேன், தட்டுவடை செட்டுக்கு மட்டும் நீயே வந்தால்தான் உண்டு.

அந்த வரலாறு நோட்டு உன்னிடம்தான் இருக்கணும். பரண் மேல் தேடிப் பார். கிடைத்தால் பையன் கையில் கொடுத்து அனுப்பு, இன்னும் ஆறு வளைவு பாக்கி இருக்கிறது. உள்ளே நுழைகிற படத்தை அவன் போடட்டும், நடுவில் நான் போட்டுக்கொள்கிறேன்.

கரண்ட் வந்துவிட்டது. அக்கா காபிக்குக் கூப்பிடுகிறாள்.

உன்,
பழைய பெஞ்சுக் கூட்டாளி