நாலாம் நாள் மூடிய நோட்டு

அன்புள்ள தம்பிக்கு,

நன்றி எழுதவென்று நோட்டு வாங்கி நாலாம் நாளே மூடி வைத்துவிட்டாயாமே. நாலு நாளும் "அம்மா, வேலை, உடம்பு" என்றே எழுதினால் யாருக்கும் மூடத்தான் தோன்றும். அது வருகைப் பதிவேடு. கோளாறு உன் மனதில் இல்லை, எழுதிய விதத்தில்தான்.

'நன்றி' என்றால் பழந்தமிழில் ஒருவர் செய்த நன்மை. அதனால்தான் 'செய்ந்நன்றி அறிதல்' என்றார்கள். சொல்லுதல் என்று சொல்லவில்லை. அறிய வேண்டுமானால் யார் செய்தது, என்ன செய்தது, எதனால் என்று பார்க்க வேண்டும். "அம்மா" வெறும் தலைப்பு. "ஷிப்ட் முடிந்து பசியோடு வருவேன் என்று, நான் கேட்காமலே ரெண்டு தோசைக்கு மாவு எடுத்து வைத்திருந்தாள்" என்பதுதான் வரி.

உளவியலாளர் மார்ட்டின் செலிக்மனும் அவர் குழுவும் 2005இல் வெளியிட்ட ஆய்வில் கொடுத்த பயிற்சி இவ்வளவுதான்: ஒரு வாரம், தினமும் இரவு, அன்று நல்லபடியாக நடந்த 3 விஷயங்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'ஏன் நடந்தது'. ஆறு மாதம் கழித்துக் கேட்டபோதும் பலன் தெரிந்தது. வாரம் முடிந்த பின்னும் தாங்களாகவே தொடர்ந்தவர்களுக்கு அதிகமாக. பெரும்பாலோர் அந்த 'ஏன்' பகுதியைத்தான் விட்டுவிடுகிறார்கள். சரக்கே அதில்தான் இருக்கிறது. "உட்கார இடம் கிடைத்தது. ஏன்? பத்து நிமிடம் முன்னாலேயே கிளம்பினேன்." ஏழு நாள் எழுதிப் பார். சில வரிகளில் பிறர் பெயர் வரும், சிலவற்றில் உன் பெயர் வரும். பிறர் பெயர் வந்த இடத்தில் போய்ச் சொல்ல வேண்டும். உன் பெயர் வந்ததை நாளையும் செய்யலாம், அதற்கு யார் தயவும் வேண்டாம்.

உன் பெயர் ஒன்றில்கூட வரவில்லையா? அப்படியானால் சந்தோஷத்தை முழுக்க அடுத்தவர் கையில் கொடுத்திருக்கிறாய். வீட்டில் பிறந்தநாளை மறந்துவிட்டார்கள் என்று மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதைவிட, இரண்டு நாள் முன்பே "ஞாயிற்றுக்கிழமை பாயசம் வைங்க" என்று சொல்லிவிடலாம். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்.

முதல் வாரத்துக்குப் பிறகு வாரம் ஒரு நாள் போதும். உளவியலாளர் சோன்யா லுபோமிர்ஸ்கி குழுவின் ஆய்வில் வாரம் ஒரு முறை எழுதியவர்களுக்கே மகிழ்ச்சி கூடியது. மூன்று முறை எழுதியவர்களுக்குக் கூடவில்லை. அடிக்கடி எழுதினால் அது கடமையாகிப் புளித்துவிடுகிறது. எழுத ஒன்றும் தோன்றாத வாரத்தில், இருக்கும் ஒன்றை இல்லையென்று கழித்துப் பார்: இந்த நண்பனைச் சந்திக்காமலே போயிருக்க எத்தனை வழி இருந்தது?

சொல்லுவதில் நமக்கு ஒரு தடை உண்டு. பெற்றவர்களிடம் "நன்றி" என்றால் அந்நியமாக ஒலிக்கும். அந்தச் சொல்லை விட்டுவிடு. "அன்னைக்கு நகையை அடகு வெச்சு ஃபீஸ் கட்டினீங்களே, அதனாலதான் படிப்பை முடிச்சேன்" என்று நடந்ததைச் சொல். கேட்பவருக்குக் கூச்சமாக இருக்குமோ என்று நாம் பயப்படும் அளவுக்கு அவர்களுக்கு இருப்பதில்லை. அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இரு ஆய்வாளர்கள் 2018இல் இதைச் சோதித்துக் காட்டினார்கள்.

ஒன்றில் கவனமாக இரு. நம் பேச்சில் நன்றியோடு கடனும் ஒட்டிக்கொண்டு 'நன்றிக்கடன்' ஆகிவிட்டது. "நான் வாங்கிக் கொடுத்த வேலைதானே" என்று உன் கல்யாணத்தையோ சம்பளத்தையோ ஒருவர் தீர்மானிக்க வந்தால், அவர் செய்த உதவி நோட்டில் அப்படியே இருக்கட்டும். "முடியாது" என்ற பதிலையும் சொல். இரண்டும் ஒன்றையொன்று அடிக்காது. அதேபோல, மூன்று மாதச் சம்பளம் வராவிட்டால் நன்றி எழுதிக்கொண்டு உட்காராதே. அதற்கு எழுத வேண்டியது புகார் மனு.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் நோட்டை நம்பி இருக்கவும் வேண்டாம், "என் சந்தோஷம் என் பொறுப்பு" என்று உன்னையே திட்டிக்கொள்ளவும் வேண்டாம். மருத்துவரைப் பார். 14416, அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவி எண். கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம்.

புது நோட்டு எதற்கு? அதே நோட்டில் அடுத்த பக்கத்தில் நடுவே ஒரு கோடு போட்டு, வலப்பக்கம் மேலே 'ஏன்' என்று எழுதிக்கொள்.

அன்புடன்,
அண்ணன்