டன்னுக்கு 900 ரூபாய்: போக்குவரத்துத் துறைக்கு ஒரு லாரிக்காரரின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய போக்குவரத்துத் துறை அமைச்சர் அவர்களுக்கும் போக்குவரத்து ஆணையர் அவர்களுக்கும் வணக்கம்.

சங்ககிரியில் ஒரே ஒரு பத்து சக்கர லாரி வைத்து, அதை நானே ஓட்டிப் பிழைப்பவன் நான். சங்ககிரி, நாமக்கல் லாரித் தொழிலைப் பற்றி உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சரக்கு வாடகை எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை என்பதைச் சொல்லத்தான் இந்த மடல். அதற்குப் போன மாதம் நான் ஓட்டிய ஒரு நடையை மட்டும் சொல்கிறேன்.

கர்நாடகத்தில் தாவணகெரேயில் லோடு இறக்கிவிட்டு, திரும்பி வர ரிட்டர்ன் லோடுக்கு இரண்டு நாள் காத்திருந்தேன். நாமக்கல் பக்கம் ஒரு கோழித் தீவன ஆலைக்கு மக்காச்சோளம் இருந்தது. 18 டன். மூன்று வருடத்துக்கு முன்னால் இதே தடத்துக்கு டன்னுக்கு 1,150 வாங்கியவன் நான். லோடு பிடித்துத் தரும் புக்கிங் ஆபீஸில் 900 என்றார்கள். "சரக்கு அனுப்புற பார்ட்டி அவ்வளவுதாங்க சொல்றாங்க. வேண்டாம்னா பரவாயில்லைங்கண்ணா, பின்னால ஆறு வண்டி நிக்குது." ஆறு வண்டி நின்றது உண்மைதான். எனக்கு 5ஆம் தேதி வண்டிக் கடன் தவணை, அதாவது ட்யூ, கட்ட வேண்டும். சரி என்று ஏற்றிவிட்டேன்.

வாடகை 16,200. சுமார் 515 கிலோமீட்டர் ஓட டீசலுக்கு 11,500 ஆனது. டோலுக்கு 2,400, கமிஷன் 700, ஏற்றும் இடத்தில் மாமூலும் இறக்கும் இடத்தில் கூலியுமாக 900. மிச்சம் 700 ரூபாய். ராத்திரி முழுக்க ஓட்டி, தொப்பூர் கணவாயில் பிரேக்கை நம்பி இறங்கி வந்தவனுக்குச் சம்பளமும் அதுதான், டயர் தேய்மானமும் அதுதான்.

அந்த 700 ரூபாயும் கைக்கு வரவில்லை. ஆலை வாசலில் வரிசையில் மூன்று நாள் நிறுத்தினார்கள். ஈரம் பார்க்க வேண்டும் என்று முதல் நாளே தார்ப்பாயை அவிழ்க்கச் சொன்னார்கள். சாக்கில் குத்தூசி விட்டு ஒரு கைப்பிடி சோளம் எடுத்தார்கள், மீட்டரில் போட்டுப் பார்த்தார்கள், போய்விட்டார்கள். அப்புறம் மூன்று நாள் வெயில். வண்டிக்கு அடியில் பாய் விரித்துப் படுத்திருந்தேன். குளிக்க இடமில்லை, கழிப்பறைக்கு அரை கிலோமீட்டர் நடக்க வேண்டும். நான்காம் நாள் எடை போட்டால் 50 கிலோ குறைவு. ஈரச் சோளம் வெயிலில் நின்றால் எடை குறையும் என்று அந்த எடை மேடைப் பையனுக்கே தெரியும். ஆனாலும் கிலோவுக்கு 24 ரூபாய் வீதம் 1,200 ரூபாயை என் வாடகையில் பிடித்தார்கள். வண்டியைக் காக்க வைத்ததற்கு ஹால்டிங் காசு கேட்டேன். அந்தப் பழக்கமே இங்கே கிடையாது என்றார்கள்.

ஆக, ஐந்து நாள் உழைத்து, கையிலிருந்து 500 ரூபாய் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

ஐயா, நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். சரக்கு வாடகைக்குக் குறைந்தபட்சத் தொகையை அரசு நிர்ணயிக்க வேண்டும். டன்னுக்கு, கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று. டீசல் ஏறினால் அதுவும் தானாக ஏற வேண்டும். ஒரு நாளுக்கு மேல் வண்டியை நிறுத்தினால் ஹால்டிங் தர வேண்டும் என்பதும் அதில் இருக்க வேண்டும்.

இதை ஒருமுறை ஓர் அதிகாரியிடம் வாய்விட்டுக் கேட்டேன். வாடகை என்பது இரண்டு தனியார் பேசிக்கொள்வது, அரசு தலையிட முடியாது என்றார். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 67ஆவது பிரிவை எடுத்துப் பாருங்கள். பேருந்துக் கட்டணத்தை எந்தப் பிரிவை வைத்து நிர்ணயிக்கிறீர்களோ, அதே பிரிவில் சரக்கு வண்டியின் வாடகையும் இருக்கிறது. குறைந்தபட்சம், அதிகபட்சம் இரண்டையும் மாநில அரசு சொல்லலாம் என்றே எழுதியிருக்கிறது. 2013இல் ஆட்டோவுக்கு முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய் என்று இதே அரசுதான் நிர்ணயித்தது. மூன்று சக்கரத்துக்கு முடிந்தது பத்து சக்கரத்துக்கு ஏன் முடியாது?

வேறு மாநிலத்தில் நடந்தும் இருக்கிறது. இமாச்சலப் பிரதேசத்தில் பர்மானா, தார்லாகாட் சிமென்ட் ஆலைகள் வாடகைத் தகராறில் 2022 டிசம்பரில் மூடப்பட்டன. 67 நாள் இழுபறிக்குப் பிறகு முதலமைச்சரே பேசி முடித்து வைத்தார். டன்னுக்குக் கிலோமீட்டருக்கு ஆறு சக்கர வண்டிக்கு 10 ரூபாய் 30 பைசா, பெரிய வண்டிக்கு 9 ரூபாய் 30 பைசா. அது மலைப்பாதை, குறைந்த தூரம். அந்தத் தொகையை நான் இங்கே கேட்கவில்லை. ஆனால் எனக்குக் கிடைத்தது 1 ரூபாய் 75 பைசா.

எங்களுக்குள்ளேயே விலையைக் குறைத்துக்கொள்கிறோம் என்பீர்கள். மறுக்க மாட்டேன். நான் 900க்கு ஏற்றியதால் அடுத்த வண்டிக்காரருக்கு 850 என்றிருப்பார்கள். ட்யூ தேதி நெருங்கினால் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. அதனால்தான் கீழே ஒரு கோடு போடச் சொல்கிறேன். இருபது, முப்பது வண்டி வைத்திருப்பவர் பார்ட்டியிடம் நேராகப் பேசிக்கொள்வார். ஒற்றை வண்டிக்காரனுக்கு அந்த வழி கிடையாது.

எங்களிடமிருந்து போகும் காசு எதிலும் பேரம் இல்லையே. டீசல் விலையைத் தினமும் மாற்றிக்கொள்ளலாம் என்று 2017 ஜூனில் ஆக்கிவிட்டார்கள். டோல் வருடா வருடம் ஏறுகிறது. என் வண்டி ரகத்துக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் 43,950 ரூபாய் என்று 2022இல் நிர்ணயித்தார்கள். 2023 நவம்பரில் காலாண்டு வரியை உயர்த்தினீர்கள். 2018இல் பத்து சக்கர வண்டியின் மொத்த எடையை 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக ஏற்றியபோது, லாரிக்காரருக்கு லாபம் என்றார்கள். ஐந்து வண்டி லோடு நான்கு வண்டியில் அடங்கியது, ஐந்தாவது வண்டிக்காரர் வாடகையைக் குறைத்தார். இதையெல்லாம் முடிவு செய்யும்போது எங்களைக் கேட்டது யார்? எங்கள் ஊரில் டிரைவர் கிடைப்பதில்லை. பையன்கள் இந்த சீட்டில் உட்கார வர மாட்டேன் என்கிறார்கள். என் மகனும்தான். நான் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை.

மன்னிக்க வேண்டும், கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன்.

தாவணகெரே கர்நாடகத்தில் இருக்கிறது, அங்கே ஏற்றும் லோடுக்கு நீங்கள் மட்டும் முடிவெடுக்க முடியாது என்பது தெரியும். முதலில் தமிழ்நாட்டுக்குள் ஏற்றித் தமிழ்நாட்டுக்குள் இறக்கும் சரக்குக்காவது குறைந்தபட்ச வாடகையை நிர்ணயித்து அரசிதழில் வெளியிடுங்கள். அதற்கு முன் ஒரு கூட்டம் போட்டால், சங்கத் தலைவர்களோடு ஒற்றை வண்டிக்காரர் நான்கு பேரையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். டீசல் பில், டோல் கணக்கு, எடைச் சீட்டு எல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறேன், எடுத்து வருகிறேன். எந்தத் தேதி என்று ஒரு வாரம் முன்னால் சொன்னால் போதும். வருகிற வியாழக்கிழமை மறுபடி தாவணகெரே போகிறேன். ரிட்டர்ன் வாடகை இன்னும் பேசவில்லை.

இப்படிக்கு,
சங்ககிரியிலிருந்து,
ஒரு லாரி உரிமையாளர், அதன் ஓட்டுநர்